எழுத்தின் மேல் வைத்த புள்ளி

மலைப்பொழிவிலே ஆண்டவர் இயேசு திருச்சட்டத்தைக் குறித்துப் போதித்த வேளையில், எழுத்துகளுள் மிகச் சிறியதையும் எழுத்தின் ஓரத்திலே இடப்படும் சிறு கொம்பையும் சுட்டிக்காட்டினார் என மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். மனிதர் கவனியாது கடந்து போகும் ஒரு சிறு குறியும் இறைவனின் திட்டத்திலே பொருளுடையது என்பதை அப்போதனை நமக்கு உணர்த்துகின்றது. எழுத்தின் மேல் இடப்பட்ட ஒரு சிறு புள்ளியோடும், ஒரு மெல்லிய கோட்டோடும் பெயர் இணைந்துவிட்ட ஒரு குருவானவரின் வாழ்வை இவ்வாரம் சிந்திப்போம். அவர் பொஹீமியா நாட்டைச் சேர்ந்த யான் ஹுஸ். ஜோன் ஹஸ் என்ற ஆங்கில வடிவத்திலும் நம்மவருள் பலர் அவரை அறிந்திருப்பர்.

திருச்சபை வரலாற்றிலே அவருடைய பெயர் ஆறாத ஒரு காயத்தின் பெயராகவும் இருந்து வந்துள்ளது. 1415ஆம் ஆண்டிலே பொதுச்சங்கம் ஒன்று அவரைத் தப்பறைக்காரர் எனத் தீர்ப்பிட்டது. அன்றைய தினமே அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். இதனால் கத்தோலிக்கர் அவரைப் பற்றிப் பேசவும் நெடுங்காலம் தயங்கினர். இன்று அந்தத் தயக்கம் நீங்கியிருக்கின்றது. அவருடைய வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியவையும் உள்ளன.

யான் ஹுஸ் 1370ஆம் ஆண்டளவில் தென் பொஹீமியாவிலுள்ள ஹுசினெட்ஸ் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். ஊரின் பெயரே சுருங்கி அவருக்குப் பெயராயிற்று. செக் மொழியிலே அச்சொல் வாத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பதால், தம்மை ஒரு வாத்து என வேடிக்கையாகக் குறிப்பிட்டுக்கொள்வதும் அவருக்கு வழக்கமாயிருந்தது. மன்னர் நான்காம் சார்ள்ஸ் 1348இல் நிறுவிய பிராக் பல்கலைக்கழகத்திலே அவர் கல்வி பயின்றார். ஆலயங்களிலே பாடகராகப் பாடிக் கிடைத்த சிறு வருவாயே அவருடைய மாணவ வாழ்வைத் தாங்கிற்று. 1393இல் கலைமாணிப் பட்டத்தையும், 1396இல் முதுமாணிப் பட்டத்தையும் பெற்றார். 1400ஆம் ஆண்டில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

தாம் குருத்துவத்தை நாடியதற்கு முதலில் இருந்த காரணத்தை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. நல்ல உணவும் நல்ல உடையும் மக்களின் மதிப்பும் கிடைக்கும் என்ற எண்ணமே இளமையில் தம்மை ஈர்த்தது என்று அவரே எழுதி வைத்தார். சதுரங்க ஆட்டத்திலே வீணாக்கிய பொழுதுகளை நினைத்தும் வருந்தினார். மாணவராயிருந்த காலத்தில், பாவத்தண்டனை மன்னிப்புச் சலுகையைப் பெறுவதற்காகத் தம்மிடம் எஞ்சியிருந்த கடைசி நான்கு காசுகளையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவரும் அவரே. இறைவார்த்தையை ஆழ்ந்து கற்றபோதுதான் அவருடைய உள்ளம் மாற்றம் பெற்றது.

1402ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் பிராக் நகரின் பெத்லகேம் சிற்றாலயத்திற்கு மறையுரையாளராக நியமிக்கப்பட்டார். பெயரிலே சிற்றாலயம் எனினும் ஏறத்தாழ 3000 பேர் கூடக்கூடிய பெரிய மண்டபம் அது. வீரர் ஒருவரும் வணிகர் ஒருவரும் பொதுமக்களின் நலன் கருதி 1391இல் அதனை நிறுவியிருந்தனர். அங்கே இறைவார்த்தை செக் மொழியிலேயே எடுத்துரைக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. எபிரேய மொழியிலே பெத்லகேம் என்பதற்கு அப்பத்தின் வீடு என்பது பொருள். வழிபாடும் கல்வியும் இலத்தீனிலேயே நடைபெற்ற அந்நாளிலே, தாய்மொழியில் இறைவார்த்தை என்னும் அப்பத்தைப் பெறுவதற்காகக் கைவினைஞரும் வேலைக்காரப் பெண்களும் மாணவரும் அங்கே திரண்டு வந்தனர். ஹுஸ் அவர்களுக்கு மறையுரை ஆற்றினார். அவர்களோடு சேர்ந்து செக் மொழியிலே பாடல்களையும் பாடினார். தாம் போதித்தவற்றுள் சிலவற்றைச் சிற்றாலயச் சுவர்களிலேயே எழுதுவித்தார். மக்கள் கேட்பதோடு நின்றுவிடாது வாசிக்கவும் வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

இங்கேதான் எழுத்தைப் பற்றிய சிக்கல் எழுந்தது.

ஸ்லாவிய இன மக்களுள் கீழைத் திருச்சபையைச் சார்ந்தோர் பெரும்பாலும் சிரில்லிக் எழுத்திலும், உரோமைத் திருச்சபையைச் சார்ந்தோர் பெரும்பாலும் இலத்தீன் எழுத்திலும் தம் மொழிகளை எழுதி வந்தனர். செக் மக்கள் இலத்தீன் எழுத்தையே பின்பற்றினர். ஆனால் அவ்வெழுத்து இலத்தீன் மொழிக்கென அமைந்தது. செக் மொழியின் ஒலிகளுக்கு அது போதவில்லை. நம் தமிழிலே அச்சு என்னும் சொல்லில் ஒலிக்கும் சகர ஒலி செக் மொழியிலும் உண்டு. இலத்தீனிலோ அதற்கு எழுத்து இல்லை. ஆகவே எழுத்தர்கள் சீ, இசட் என்னும் இரு எழுத்துகளையும் சேர்த்து அவ்வொலியைக் குறித்தனர். ஆனால் த்ஸ் என்பது போன்ற வேறோர் ஒலிக்கும் அதே இரட்டை எழுத்தையே பயன்படுத்தினர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் ஊகித்தே வாசிக்க வேண்டியிருந்தது.

உயிரொலிகளிலும் இதே குழப்பம் நிலவியது. படு என்பதும் பாடு என்பதும் தமிழிலே வெவ்வேறு சொற்கள் அல்லவா? குறிலும் நெடிலும் மாறினால் பொருளும் மாறிவிடும். செக் மொழியிலும் அவ்வாறே. தல் என்றால் கொடுத்தான் என்பது பொருள். தால் என்றால் அப்பால் என்பது பொருள். நமக்கோ நெடிலைக் காட்டத் தனி வடிவம் உண்டு. அன்றைய செக் எழுத்திலே அதற்கென உறுதியான முறை எதுவும் இருக்கவில்லை. கற்றவர் அனுபவத்தால் சமாளித்துக்கொள்வர். புதிதாக எழுத்துக் கற்கும் எளிய மனிதர் என்ன செய்வார்?

1406ஆம் ஆண்டிற்கும் 1412ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்ததாகக் கருதப்படும் ஒரு சிறு நூல் இச்சிக்கலுக்குத் தீர்வு கூறிற்று. பொஹீமிய மொழியின் எழுத்துமுறையைப் பற்றி இலத்தீனில் எழுதப்பட்ட நூல் அது. அதிலே ஆசிரியரின் பெயர் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலே வரலாற்று அறிஞர் பலாட்ஸ்கி அதன் பிரதியைத் தென் பொஹீமியாவின் திரெபோன் நகரிலே கண்டெடுத்தார். அதை எழுதியவர் ஹுஸ் என்பதே அறிஞர் பெரும்பாலோரின் கருத்து; ஐயுறுவோரும் உள்ளனர். ஆயினும் அந்நூலின் நோக்கமும் பெத்லகேம் மறையுரையாளரின் நோக்கமும் நன்கு பொருந்துகின்றன.

அந்நூல் கூறும் வழி மிக எளியது. ஓர் ஒலிக்கு ஓர் எழுத்தே போதும். இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்க்க வேண்டாம். இலத்தீனில் இல்லாத மெய்யொலி வந்தால், அதற்கு நெருக்கமான இலத்தீன் எழுத்தின் மேல் ஒரு வட்டப் புள்ளியை இட வேண்டும். உயிரொலி நெடிலாக வந்தால், அதன் மேல் ஒரு மெல்லிய சாய்கோட்டை இட வேண்டும். சீ என்னும் எழுத்து புள்ளி பெற்றதும் அச்சு என்பதிலுள்ள ஒலியைத் தரும். எஸ் என்னும் எழுத்து புள்ளி பெற்றதும் ஷகர ஒலியைத் தரும். ஏ என்னும் ஆங்கிலப் பெயரால் நாம் அறிந்த முதல் எழுத்து, சாய்கோட்டைப் பெற்றதும் அகரம் நீங்கி ஆகாரமாகும். எழுத்துகளின் வரிசையை மனத்திலே பதிப்பதற்காகவும் அந்நூல் ஒரு வழி கண்டது. வரிசைப்படி ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் சொற்களைக் கொண்டு, இறைவன் தம் மக்களுக்கு அருளும் உரிமைச் சொத்தைப் பற்றிய வாசகம் ஒன்று அதில் அமைக்கப்பட்டுள்ளது. எபிரேய அகரவரிசையிலே அமைந்த 119ஆம் திருப்பாடலை அறிந்தோருக்கு இம்முறை புதிதன்று. எழுத்தைக் கற்கும் பொழுதே மன்றாட்டையும் கற்றுக்கொள்ளலாம்.

புள்ளியிடும் எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்பதை அறிஞர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். மன்னர் நான்காம் சார்ள்ஸ் 1347இல் பிராக் நகரிலே நிறுவிய எம்மாவு துறவு மடத்தில், குரோவேசிய நாட்டுத் துறவியர் பழைய ஸ்லாவிய மொழியிலே திருவழிபாடு நடத்தி வந்தனர். அவர்கள் கையாண்ட கிளகோலித்திக் எழுத்திலே ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து இருந்தது. 863இல் மொராவியா நாட்டிற்கு வந்த புனித சிரில், புனித மெத்தோடியஸ் சகோதரரின் மரபு அது. அம்மரபு ஹுஸின் சிந்தனையைத் தூண்டியிருக்கலாம் எனச் சிலர் கருதுகின்றனர்.

இவ்வாறு எழுத்தைச் சீர்செய்ய முயன்ற அதே காலத்தில் அவரைச் சுற்றிப் புயல் எழும்பத் தொடங்கியது. 1378 முதல் மேலைத் திருச்சபை பிளவுண்டு கிடந்தது. 1409க்குப் பின்னர், தாமே திருத்தந்தை என மூவர் ஒரே வேளையில் உரிமை கோரினர். குருக்களுள் சிலரின் பேராசையையும், திருப்பணிகள் விலைக்கு விற்கப்படுவதையும் ஹுஸ் கடுமையாகக் கண்டித்தார். இங்கிலாந்து நாட்டு ஜோன் விக்கிளிஃப்பின் நூல்கள் அவரைக் கவர்ந்திருந்தன. 1409இல் மன்னர் வெஞ்செஸ்லாஸ் பல்கலைக்கழக வாக்குரிமையைச் செக் இனத்தாருக்குச் சாதகமாக மாற்றினார். ஜெர்மானிய ஆசிரியரும் மாணவரும் வெளியேறி லைப்சிக் நகரிலே புதிய பல்கலைக்கழகம் அமைத்தனர். ஹுஸ் பிராக் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பிளவுண்ட சமூகத்திலே அவருக்கு நண்பரும் பகைவரும் ஒருங்கே பெருகினர்.

1412இல் பகை முற்றியது. உரிமை கோரிய மூவருள் ஒருவரான 23ஆம் அருளப்பர் என்பவர், நேப்பிள்ஸ் மன்னருக்கு எதிரான போருக்குப் பொருள் திரட்டுவதற்காகப் பாவத்தண்டனை மன்னிப்புச் சலுகைகளை அறிவித்தார். 20ஆம் நூற்றாண்டில் அதே பெயரோடு ஆட்சி செய்த புனித திருத்தந்தை வேறு, இவர் வேறு. முன்னொரு நாள் தம் கடைசிக் காசுகளைக் கொடுத்த ஹுஸ், இப்போது இதனை வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்பிலே ஈடுபட்ட மூன்று இளைஞர்கள் பிராக் நகரிலே தலை வெட்டப்பட்டு மாண்டனர். ஹுஸ் திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து விலக்கப்பட்டார். அவர் தங்கியிருக்கும் வரையில் நகரிலே திருவழிபாடே நடைபெறக் கூடாது என்ற தடை விதிக்கப்பட்டது. தம் பொருட்டு மக்கள் அருட்சாதனங்களை இழக்கலாகாது எனக் கருதி, அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அவர் நகரை விட்டு வெளியேறினார்.

பிரசங்க மேடையை இழந்தவர் எழுதுகோலை எடுத்தார். தென் பொஹீமியாவின் கிராமங்களிலே அவர் மறையுரை ஆற்றினார். ஆண்டு முழுவதற்குமான ஞாயிறு மறையுரைகளையும், விசுவாச விளக்கத்தையும் செக் மொழியிலே எழுதினார். அவருடைய குரலைக் கேட்க இயலாதவர் அவருடைய எழுத்தை வாசித்தனர்.

1414இல் கொன்ஸ்தான்ஸ் நகரிலே பொதுச்சங்கம் கூடியது. பிளவைத் தீர்ப்பது அதன் முதன்மை நோக்கம். 1417இல் ஐந்தாம் மார்ட்டின் திருத்தந்தையாகத் தெரிவு செய்யப்பட்டதோடு அந்த நோக்கம் நிறைவேறியது. அதற்காகத் திருச்சபை அச்சங்கத்திற்குக் கடன்பட்டுள்ளது. ஆனால் ஹுஸின் விடயத்திலே நடந்தது வேறு. மன்னர் சிகிஸ்மண்ட் அளித்த பாதுகாப்பு வாக்குறுதியை நம்பி, அவர் நவம்பர் 3ஆம் திகதி அந்நகரை அடைந்தார். அம்மாதம் 28ஆம் திகதி சிறைப்படுத்தப்பட்டார். வாக்குறுதி காற்றிலே பறந்தது. சிறையிலே அவர் கடும் நோயுற்றார்.

அவர் மீது சுமத்தப்பட்ட கூற்றுகள் பல. திருச்சபை என்பது இறைவனால் முன்குறிக்கப்பட்டோரின் கூட்டம் என அவர் எழுதியவற்றிலே கத்தோலிக்கப் போதனையோடு ஒத்துப்போகாத பகுதிகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நற்கருணையைப் பற்றி அவர் மீது சாட்டப்பட்ட தப்பறையை அவர் ஒருபோதும் போதிக்கவில்லை. தாம் போதியாதவற்றையும் போதித்ததாக ஏற்று மறுதலிக்கும்படி அவரிடம் கேட்கப்பட்டது. அது இறைவனின் திருமுன் பொய்யாணை ஆகும் என்று அவர் மறுத்தார். தவறு இருந்தால் மறைநூலிலிருந்து எடுத்துக்காட்டுமாறு வேண்டினார்.

சிறையிலே நடந்த ஒரு சந்திப்பை இங்கு நினைவுகூர வேண்டும். ஸ்தெபான் பாலெச் என்பவர் ஒரு காலத்தில் ஹுஸின் நெருங்கிய நண்பர்; பின்னர் அவருடைய முதன்மையான குற்றச்சாட்டாளரானார். பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பிய ஹுஸ், அந்தப் பாலெச்சையே தமக்குக் குருவாக அனுப்பும்படி கேட்டார். வேறொரு துறவியே அவருக்குப் பாவமன்னிப்பு வழங்கினார் என்றாலும், பாலெச்சும் சிறைக்கு வந்தார். தாம் முன்பு கூறிய ஒரு கடுஞ்சொல்லுக்காக ஹுஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். இருவரும் கண்ணீர் விட்டனர். பாலெச் தம் குற்றச்சாட்டை மீளப் பெறவில்லை. ஹுஸ் தம் மனச்சான்றை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் அந்தக் கண்ணீர் உண்மையானது.

1415 ஜூன் 10ஆம் திகதி, செக் மக்கள் அனைவருக்குமாக அவர் ஒரு மடலை அவர்களுடைய தாய்மொழியிலேயே எழுதினார். தாம் போதித்த இறைவார்த்தையிலே நிலைத்திருக்கவும், ஒருவரையொருவர் அன்பு செய்யவும் அவர்களைக் கேட்டுக்கொண்டார். ஜூலை 6ஆம் திகதி பேராலயத்திலே அவருக்குத் திருப்பலி உடைகள் அணிவிக்கப்பட்டு, பின்னர் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன. தலையிலே பேய்களின் உருவம் வரைந்த காகிதத் தொப்பி வைக்கப்பட்டது. நகருக்கு வெளியே எரிக்கப்பட்ட வேளையில், கிறிஸ்துவின் இரக்கத்தை வேண்டிப் பாடியவாறே அவர் உயிர் நீத்தார். அவருடைய நினைவாக எதுவும் எஞ்சியிருக்கலாகாது என்று சாம்பலையும் ரைன் நதியிலே கரைத்தனர். அவருடைய நூல்களையும் எரிக்குமாறு சங்கம் கட்டளையிட்டது. பொஹீமியாவிலே 1419 முதல் 1434 வரை நீடித்த போர்களில் இரு தரப்பிலும் குருதி பெருகியது.

எஞ்சியிருக்கலாகாது என்று கருதப்பட்டவரின் புள்ளி மட்டும் அழியவில்லை. அதன் பரவல் மெதுவாகவே நிகழ்ந்தது. பழைய இரட்டை எழுத்துகள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. 1579 முதல் பொஹீமிய சகோதரர் சபையினர் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட கிராலிட்சே விவிலியம் புதிய குறிகளை நாடெங்கும் பரப்பியது. காலப்போக்கிலே வட்டப் புள்ளி சிறு கொக்கி போன்ற வடிவைப் பெற்றது. செக் மக்கள் அதனை ஹாச்செக், அதாவது சிறு கொக்கி, என்று அழைக்கின்றனர். நெடிலைக் காட்டும் சாய்கோடு இன்றும் சாய்கோடாகவே உள்ளது. போலந்து மொழியிலோ இசட் எழுத்தின் மேல் அந்தப் பழைய புள்ளி புள்ளியாகவே நிலைத்திருக்கின்றது. அங்கே சீ, எஸ், என் ஆகிய எழுத்துகளின் மேல் இடப்படும் சாய்கோடு நெடிலைக் காட்டுவதில்லை. மெய்யொலியின் மென்மையைக் காட்டுகின்றது.

1830ஆம் ஆண்டிலே குரோவேசிய அறிஞர் லுதெவித் காய் தம் மொழிக்கு எழுத்துமுறை வகுத்தபோது, கொக்கியிட்ட எழுத்துகளைச் செக் மொழியிலிருந்தும், சாய்கோடிட்ட சீ எழுத்தைப் போலந்து மொழியிலிருந்தும் எடுத்துக்கொண்டார். சுலோவேனியரும் அவர் வழியே சென்றனர். சுலோவாக்கியர் எல், ஆர் என்னும் மெய்யெழுத்துகளின் மேலும் சாய்கோடிட்டு அவற்றையும் நீட்டி ஒலிக்கின்றனர். இசைமேதை அன்தோனின் த்வொர்ஷாக்கின் பெயரிலே இரண்டு சாய்கோடுகளும் ஒரு கொக்கியும் உண்டு. அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். 1883இல் ஹுசைட் மக்களின் நினைவாக ஓர் இசைப் படைப்பையும் அவர் ஆக்கினார். ஹுஸைக் கண்டித்த தலைமுறைகளும், அவரைப் போற்றிய தலைமுறைகளும் தம் மன்றாட்டு நூல்களை அதே குறிகளைக் கொண்டே வாசித்து வந்துள்ளன.

திருச்சபையும் தன் நினைவைத் தூய்மையாக்க முன்வந்தது. புனித திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தாமும் ஒரு ஸ்லாவியர். அவர் பேராயராகப் பணியாற்றிய கிராக்கூஃப் நகரின் பெயரிலும் ஓர் எழுத்தின் மேல் சாய்கோடு உண்டு. அவருடைய தூண்டுதலால் கர்தினால் மிலோஸ்லாவ் வில்கின் தலைமையிலே கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் இணைந்து ஹுஸின் வாழ்வை ஆராய்ந்தனர். 1999 டிசம்பர் 17ஆம் திகதி உரோமையிலே, ஹுஸுக்கு இழைக்கப்பட்ட கொடிய மரணத்திற்காகத் திருத்தந்தை தம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். அது அவருடைய போதனை முழுவதையும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஒரு மனிதரின் மனச்சான்றை நெருப்பினால் வெல்ல முயன்றது தவறு என்பதை ஏற்றுக்கொண்டதாகும். 2015இல், அவர் இறந்து 600 ஆண்டுகள் நிறைவுற்ற வேளையில், திருத்தந்தை பிரான்சிஸ் செக் நாட்டுச் சபைகளின் பிரதிநிதிகளை வரவேற்று ஒப்புரவின் பாதையிலே மேலும் ஒரு படி முன்சென்றார்.

அன்பார்ந்த இறைமக்களே, இன்று நாம் தாய்மொழியிலே திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றோம்; தாய்மொழியிலே விவிலியம் வாசிக்கின்றோம். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டிலே தாய்மொழிக்கு வழி திறந்த பின்னர் பிறந்தோருக்கு இது இயல்பானதாகத் தோன்றும். ஆனால் எளியவர் ஒருவர் தடுமாற்றமின்றி இறைவார்த்தையை வாசிக்க வேண்டும் என்பதற்காக, ஓர் எழுத்தின் மேல் எங்கே புள்ளி வைப்பது என்று அமர்ந்து சிந்தித்த மனிதர்கள் இருந்தனர். அதுவும் ஒரு மேய்ப்புப் பணியே. இன்றும் நம் பங்குகளிலே மறைக்கல்வி வகுப்பில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தைக் காட்டும் ஆசிரியரும், கண் மங்கிய முதியவருக்கு நற்செய்தியை வாசித்துக் காட்டும் இளையவரும் அப்பணியையே தொடர்கின்றனர். அதேவேளை, கருத்து வேறுபட்ட சகோதரர் ஒருவரை நாம் எவ்வாறு நடத்துகின்றோம் என்பதையும் ஹுஸின் வாழ்வு நம்மிடம் கேட்கின்றது. வெல்ல முடியாத வேளையிலும் பாலெச்சோடு சேர்ந்து அழ நம்மால் இயலுமா?

செக் குடியரசிலே ஜூலை 5ஆம் திகதி பொது விடுமுறை நாள். அது ஸ்லாவிய மக்களுக்கு முதன்முதல் எழுத்தைத் தந்த புனித சிரில், புனித மெத்தோடியஸ் சகோதரரின் நாள். மறுநாள் 6ஆம் திகதியும் பொது விடுமுறை நாள். அது யான் ஹுஸ் இறந்த நாள். திருச்சபை புனிதராக வணங்கும் இருவரையும், திருச்சபையின் சங்கம் தண்டித்த ஒருவரையும் அம்மக்கள் அடுத்தடுத்த நாட்களிலே நினைவுகூருகின்றனர். அவ்விரு நாட்களிலும் நாமும் அவர்களோடு சேர்ந்து, பிரிந்துள்ள கிறிஸ்தவர்கள் அனைவரினதும் ஒன்றிப்புக்காக மன்றாடுவோமாக.